மீனம்பாக்கத்தில் பூஜ்யம்

ஆகஸ்ட் 18, திங்கள்

பால் பாக்கெட் இன்றும் ஒன்று குறைவு. போட்டேன் என்கிறார் பால்காரர். எடுக்கவில்லை என்கிறாள் மாடிவீட்டுக்காரி. நான் கேட்காமலே எடுக்கவில்லை என்று அவள் ஏன் சொல்ல வேண்டும்? அதுதான் எனக்கு இடிக்கிறது.

கடையில் அண்ணாச்சி கூப்பிட்டார். சிதம்பரநாதன் அண்ணாச்சிக்கு தி.நகரில் நாலு மாடி ஜவுளிக்கடை, நங்கநல்லூரில் சின்னதாக ஒரு கிளை. எந்த நாள் எவ்வளவு விற்றது, போன வருஷம் இதே நாள் எப்படி என்று கம்ப்யூட்டரில் ரிப்போர்ட் போட்டுக் கொடுப்பது என் வேலை. நங்கநல்லூரைப் பார்த்துக்கொள்பவர் முருகையன். அண்ணாச்சிக்கு ஊர்க்காரர், தூரத்துச் சொந்தம். விற்பனை படுத்த நாளிலெல்லாம் ‘சாயங்காலம் மழை’ என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுகிறார்.

“மழ பெஞ்சுதா, இல்ல இவன் வாயாலயே பெய்ய வைக்கானான்னு எனக்குத் தெரியணும். பழைய மழக் கணக்கு பூரா இண்டர்நெட்டுல கெடைக்காம்லா? அத எடுத்து நம்ம ரிப்போர்ட்டுல கோத்துக் குடும்மா. தீவாளி சரக்கு போடுததுக்கு முன்னாடி வேணும்.”

எனக்குப் பிடித்த வேலை. ஒருவர் சொன்னதைச் சரிபார்ப்பதில் என்ன தப்பு இருக்கிறது?

ஆகஸ்ட் 20, புதன்

வானிலை விவரம் தரும் ஒரு வெப் சர்வீஸில் கணக்கு தொடங்கினேன். பாஸ்வேர்டு மாதிரி நீளமாக ஒரு கீ கொடுத்தார்கள். அந்தக் கீ, எந்த இடம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எல்லாவற்றையும் ஒரு லிங்க்கில் சேர்த்துக் கேட்டால் பழைய நாட்களின் வெயிலும் மழையும் வரிசையாக வந்து விழுகின்றன. அதை இழுத்து ரிப்போர்ட்டில் ஒரு டேபிளாக வைத்து, விற்பனைத் தேதியோடு கோக்க வேண்டும். அவ்வளவுதான்.

முதல் தடவை நங்கநல்லூரில் மைனஸ் இருபது டிகிரி என்று வந்தது. அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் இடம் மாற்றிப் போட்டிருக்கிறேன். வடதுருவத்துக்குப் பக்கத்தில் எங்கேயோ போய்விட்டது. பக்கத்து சீட் இஃப்ரா, “அக்கா, நம்ம கிளைல ஸ்வெட்டர் செக்‌ஷன் ஆரம்பிச்சிடலாமா?” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் என் ஸ்கிரீனை இவள் எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்?

மாற்றிப் போட்டதும் சரியாக மீனம்பாக்கம் வானிலை நிலையத்தின் கணக்கு வந்தது. நங்கநல்லூருக்கு அதுதான் பக்கம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

அவர் ஆபீஸிலிருந்து வீட்டுக்கு வர ராத்திரி ஒன்பதேமுக்கால். கிண்டியில் கொட்டு கொட்டென்று கொட்டியதாம். இங்கே மயிலாப்பூரில் ஒரு பொட்டு இல்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

எழுதாமல் இருக்க முடியவில்லை. கோர்வையாக எழுதப் பார்க்கிறேன்.

இரண்டு வருஷத்து மழை ரிப்போர்ட்டுக்குள் வந்துவிட்டது. ஒவ்வொரு மாதத்து மொத்தத்தையும் பழைய செய்திகளோடு ஒத்துப் பார்த்தேன். அப்படியே பொருந்தியது. ஆனால் மாத மொத்தம் மட்டும் போதாதே. தனித்தனி நாட்களும் சரியா என்று பார்க்க வேண்டும். மீனம்பாக்கம் பக்கம் எந்த நாள் மழை பெய்தது என்பது எனக்கு எப்படித் தெரியும்? அப்போதுதான் என் டைரி ஞாபகம் வந்தது. அந்தப் பக்கத்து மழை அதில் நிறைய இருக்கிறது. எல்லாம் அவர் சொன்ன மழை.

மதிவாணனுக்கு லிஃப்ட் சர்வீஸ் வேலை. ஆபீஸ் கிண்டியில், மீனம்பாக்கத்துக்குப் பக்கம். பைக்கில் போய் வருகிறார். கல்யாணமாகி ஆறு வருஷமாக மழை நாளில் பாலத்துக்கடியில் ஒதுங்கி நின்று, விட்ட பிறகுதான் வருவார். நான் எழுதி வைத்திருக்கிறேன்: ‘கிண்டியில் மழையாம்.’ ‘கத்திப்பாராவில் மாட்டிக்கொண்டாராம்.’ எல்லா இடத்திலும் ஒரு ‘ஆம்’ போட்டிருக்கிறேன். ஏன் அப்படிப் போட்டேன் என்று இன்றுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

டைரியை மதியம் பையில் வைத்து எடுத்துப் போனேன். ஒவ்வொரு தேதியாகத் தட்டினேன்.

பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம். ஒன்றிரண்டு நாளில் மட்டும் மழை. மற்றதெல்லாம் பூஜ்யம். போன வெள்ளிக்கிழமையும் பூஜ்யம்தான். கொட்டு கொட்டென்று கொட்டியதாம்!

இஃப்ரா, “என்னாச்சுக்கா, தலைவலியா?” என்றாள். ஆமாம் என்றேன்.

அப்படின்னா அந்த ராத்திரியெல்லாம் எங்க இருந்தாரு?

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை நன்றாக வந்தது. அவர் எப்போதும் கணக்கில்லாமல் சாப்பிடுவார். இன்று மூன்றோடு எழுந்துவிட்டார். வயிறு சரியில்லையாம். மாமியார், “இன்னா நைனா, ஆசையா பண்ணிகீது, இன்னும் ரெண்டு துன்னேன்” என்று தட்டில் வைத்தார். வைத்ததை அப்படியே விட்டுவிட்டார்.

போன் மேஜையில் கவிழ்த்து வைத்திருந்தது. முன்பெல்லாம் எப்படி வைப்பார்? யோசித்துப் பார்த்தால் ஞாபகமே வரவில்லை. இதையெல்லாம் கவனிக்காமல் ஆறு வருஷம் எப்படி இருந்தேன்?

அவர் குளிக்கப் போனபோது போன் அடித்தது. திருப்பிப் பார்த்தேன். ‘ஸ்வர்ணா மேடம் அடையாறு.’ பண்டிகை நாளில் என்ன மேடம்?

ஆகஸ்ட் 29, வெள்ளி

முருகையன் குறிப்புகளையும் இன்று மழையோடு கோத்துவிட்டேன். ‘சாயங்காலம் மழை’ என்று அவர் எழுதிய நாட்களில் முக்கால்வாசி பூஜ்யம். நிஜமாக மழை பெய்த நாட்களில் அவர் ஒன்றுமே எழுதவில்லை, விற்பனையும் நன்றாக இருக்கிறது. பொய் சொல்லிப் பழகினவருக்கு நிஜ மழை கண்ணில் படவில்லை போலிருக்கிறது.

ஆனால் ஒன்று உறுத்தியது. என் டைரித் தேதிகளும் அவருடைய தேதிகளும் ரொம்ப ஒத்துப் போகின்றன. ஒருவரையொருவர் தெரியாத இரண்டு ஆண்கள் ஒரே நாள் பார்த்து மழை என்று எப்படிப் பொய் சொல்வார்கள்?

கொஞ்ச நேரம் குழம்பினேன். சட்டென்று விளங்கியது. தெரியாதவர்கள் என்று யார் சொன்னது? நங்கநல்லூர் கிளையில் லிஃப்ட் இருக்கிறது. அதை யார் சர்வீஸ் செய்கிறார்கள்? பில்லைத் தேடி எடுத்துப் பார்த்தேன். இவர் கம்பெனிதான்!

இரண்டு பேரும் கூட்டு. ஒருத்தருக்கு ஒருத்தர் சாட்சி. எங்கே சேர்கிறார்கள், எதற்குச் சேர்கிறார்கள்? அங்கேதான் அந்த ஸ்வர்ணாவா?

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கேட்டுவிட்டேன்.

மாமியார் முண்டகக்கண்ணியம்மன் கோயிலுக்குப் போயிருந்தார். இவர் பைக் துடைத்துவிட்டு உள்ளே வந்தார். நான் டைரியையும் கடையிலிருந்து பிரிண்ட் எடுத்த தாளையும் மேஜையில் வைத்து ஒவ்வொரு தேதியாகப் படித்தேன். “இந்தத் தேதி, கிண்டில மழைன்னீங்க. மீனம்பாக்கத்துல பூஜ்யம். இந்தத் தேதி, பூஜ்யம்.”

அவர் முதலில் சிரித்தார். விளையாடுகிறேன் என்று நினைத்திருக்கிறார். நாலைந்து தேதி ஆனதும் சிரிப்பு போய்விட்டது.

“இன்னா ஜோதி இது?”

“நீங்கதான் சொல்லணும்.”

“மழ பேஞ்சுது. நின்னேன். வந்தேன். இன்னா சொல்றது?”

“பேயலைன்னு கணக்கு சொல்லுதே.”

“கணக்கு நனஞ்சுதா? நான்தானே நனஞ்சேன்.”

ஸ்வர்ணா யார் என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர் போனை எடுத்து என் முன்னால் வைத்தார். “அடையார்ல ஒரு அபார்ட்மென்ட் செகரட்டரி. எழுபத்தாறு வயசு. முட்டி ஆப்பரேஷன் பண்ணிகீது. லிஃப்ட் நின்னா கீழ எறங்க முடியாது. வண்டில ஏறு, இப்பவே கூட்டினு போறேன்.”

நான் ஏறவில்லை.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். தட்டைத் தூக்கி எறிந்திருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். டைரியைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தார். தொடவில்லை.

“இதெல்லாம் அன்னன்னிக்கே எழுதி வச்சியா?”

“ஆமா.”

“நான் தல தொவட்டிகினு இருக்க சொல்லோவா?”

எழுதியது அந்த நேரத்தில்தான்.

“லிஃப்ட்ல மாட்டிகினு கத்துறவங்ககிட்ட, பயப்படாதீங்க, நான் மதிவாணன், வெளிய நிக்கிறேன்னு சொல்வேன். மூஞ்சியக்கூடப் பாத்திருக்க மாட்டாங்க. அவங்களே கத்தறத நிறுத்திடுவாங்க, ஜோதி.”

அதைச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். உண்மையான ஆள் இப்படிப் பேசுவாரா, பொய் சொல்கிற ஆள் இப்படிப் பேசுவாரா? எனக்குத் தெரியவில்லை. கடவுளே, எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

மாதக் கூட்டம். என் ரிப்போர்ட்டை அண்ணாச்சி பெரிய டிவியில் போடச் சொன்னார். எல்லார் முன்னாலும் முருகையனிடம், “எங்க வே மழ? காட்டும் பாப்பம்” என்றார்.

முருகையன் எழுந்து நின்றார். ஐம்பது வயது மனிதர். “அண்ணாச்சி, தண்ணி வாசப்படி வரைக்கும் வந்துட்டு. நாந்தான் வாளி வச்சு எறச்சேன். பொய் சொல்லி எனக்கு என்ன ஆவப்போவுது?”

“அப்ப இந்தப் பிள்ள பொய் சொல்லுதா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் டிவியைப் பார்த்தேன்.

தீபாவளிவரை அவர் தி.நகர் குடோனில் இருக்கட்டும் என்று முடிவாகிவிட்டது. கூட்டம் முடிந்ததும் படியில் நிறுத்தி, மதிவாணனைத் தெரியுமா என்று கேட்டேன். “யாரும்மா அது?” என்றார். நல்ல நடிப்பு என்று அப்போது நினைத்தேன். இப்போது எழுதும்போது அப்படித் தோன்றவில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

அவர் பேசுகிறார். சாப்பாடு, கரண்ட் பில், காஸ் புக்கிங். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மாமியார் என்னிடம், “இன்னா, ரெண்டு பேரும் வாடகைக்குக் குடியிருக்கிறவங்கோ மாதிரி கீறீங்க?” என்றார்.

செப்டம்பர் 11, வியாழன்

நேற்று சாயங்காலம் எல்லா இடத்திலும் நல்ல மழை. மயிலாப்பூரிலும்தான். நானே நனைந்தேன்.

இன்று காலை உப்புமா கிண்டிக்கொண்டிருந்தேன். ஹாலில் மாமியார் செய்தி போட்டிருந்தார். அந்தப் பெண் தினமும் வாசிக்கிற அதே வாசகம்: “இன்று காலை எட்டரை மணியுடன் முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில், அதிகபட்சமாக மீனம்பாக்கத்தில்...”

இந்த வாசகத்தை எத்தனை வருஷமாகக் கேட்கிறேன்!

காலை எட்டரைக்கு அளக்கிறார்கள். அதுவரை பெய்ததை அன்றைய தேதியில் போடுகிறார்கள். அப்படியென்றால் நேற்று சாயங்காலம் பெய்த மழைக்கு இன்றைய தேதி. போன மாதம் வெள்ளிக்கிழமை ராத்திரி கிண்டியில் கொட்டினால் அது சனிக்கிழமைக் கணக்கில் இருக்கும். வெள்ளிக்கிழமைக்கு நேராகப் பூஜ்யம்தான் இருக்கும்.

உப்புமா அடிப்பிடித்துவிட்டது. மாமியார் வந்து அடுப்பை அணைத்தார். “இன்னா ஜோதி, ஒடம்புக்கு முடிலியா?”

செப்டம்பர் 12, வெள்ளி

அந்த வெப் சர்வீஸின் விளக்கப் பக்கத்தில் தெளிவாகவே போட்டிருக்கிறார்கள். நான் அதை முழுக்கப் படிக்கவில்லை. மனுஷர்கள் சொல்வதையெல்லாம் மூன்று தடவை கேட்டுச் சரிபார்க்கிறவள், மெஷின் சொன்னதை ஒரே தடவையில் நம்பினேன்.

மழைத் தேதியை ஒரு நாள் முன்னால் நகர்த்தினேன். ரிப்போர்ட் ஓடி முடிந்தது. முருகையனின் மழையெல்லாம் அதனதன் நாளில் வந்து உட்கார்ந்துகொண்டது. டைரியை எடுத்தேன். ஒவ்வொரு தேதியிலும் மழை. ஒன்றுகூட மிச்சமில்லை. கூட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. கிண்டியும் நங்கநல்லூரும் பக்கம் பக்கம். ஒரே மேகத்தில் இரண்டு பேரும் நனைந்திருக்கிறார்கள்.

அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். “நான் அவன நாலு பேரு முன்னால வச்சுல்லா கேட்டேன்” என்றார். பிறகு, “திங்கக்கெழமை நாலு பேரு முன்னாலயே நீயும் சொல்லீரு” என்றார். சரி என்றேன். அது எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. வீட்டில் என்ன சொல்வது என்பதுதான் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது.

செப்டம்பர் 13, சனி

சொன்னேன். எட்டரை மணி விஷயத்தை விளக்கினேன். புதுத் தாளைக் காட்டினேன். அழுதேன். எல்லாமே சரியாக இருக்கிறது, நீங்கள் சொன்ன ஒவ்வொரு நாளும் சரி, தப்பு என் மேல் என்றேன்.

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“அன்னிக்கு கம்ப்யூட்டர் இல்லன்னுச்சு, நீ நம்பல. இன்னிக்கு ஆமான்னுது, நம்புற. நடுவுல நான் சொன்னது எங்க போச்சு ஜோதி?”

அந்தத் தாளை இன்னும் ஒரு மடிப்பு மடித்தேன்.

பிறகு அவரே, “வுடு. சாப்ட்டு படு” என்று என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். தொட்டதில் கோபம் இல்லை. அதற்காகவே இன்னும் கொஞ்சம் அழுதேன்.

செப்டம்பர் 15, திங்கள்

நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். முருகையன், “போவட்டும்மா, ஒனக்கும் அது எந்திரம்தான சொல்லிச்சு” என்றார். நாளையிலிருந்து அவர் மறுபடி நங்கநல்லூர்.

மாடிவீட்டுக்காரி பால் பாக்கெட்டை நாய் கவ்விக்கொண்டு போவதைப் படம் எடுத்துக் காட்டினாள். எல்லாரும் ஒரே வாரத்தில் நிரூபிக்கிறார்கள்.

செப்டம்பர் 24, புதன்

கடை வாட்ஸப் குரூப்பில் முருகையனிடமிருந்து வீடியோ. வாசலில் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். “யம்மா ஜோதி, பாத்துக்கோ. இது தண்ணி. இது ரோடு. மணி ஏழு பத்து. தேதிய நீயே போட்டுக்கோ.” பின்னால் சேல்ஸ் பெண்கள் சிரிக்கும் சத்தம். அண்ணாச்சியே கைதட்டுகிற பொம்மை போட்டார். இஃப்ரா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். நானும் சிரித்தேன். குத்துகிறாரா, விளையாடுகிறாரா? விளையாட்டுதான். விளையாட்டு என்றே எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

அக்டோபர் 9, வியாழன்

ஏழே முக்காலுக்கு அவரிடமிருந்து ஒரு போட்டோ. கிண்டிப் பாலத்துக்கடியில் பைக்குகள், ரெயின்கோட்டுகள், ஓரத்தில் தண்ணீர். கீழே ஒரு வார்த்தை இல்லை.

முருகையன் வீடியோ பற்றி நான்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். அதே மாதிரி விளையாட்டாக அனுப்பியிருப்பார் என்று சிரிக்கிற பொம்மை ஒன்று போட்டேன். நீல டிக் வந்தது. பதில் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் எப்போதும்போலத்தான் இருந்தார். துண்டை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.

அக்டோபர் 16, வியாழன்

மறுபடி போட்டோ. இந்தத் தடவை தேதியும் நேரமும் மூலையில் தெரிகிற மாதிரி. அதற்கென்று போனில் ஏதோ ஆப் போட்டிருக்கிறார்.

விளையாட்டு இல்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எனக்கு மாம்பழ நிறத்தில் சேலை. எங்கள் கடையில்தான், எனக்குத் தெரியாமல் நங்கநல்லூர் போய் வாங்கியிருக்கிறார். பெட்டிக்குள் பில்லையும் வைத்திருந்தார். எப்போதும் பில்லைக் கிழித்துப் போடுகிறவர்.

மாமியார், “நல்லாகீதா?” என்றார். நல்லாயிருக்கு என்றேன். நன்றாகத்தான் இருந்தது.

இந்த டைரியை நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன். நிறுத்தினால் அதையும் அவர் கவனிப்பார்.

நவம்பர் 5, புதன்

சாயங்காலத்திலிருந்து மழை. எங்கள் தெருவில் தண்ணீர் ஓடுகிறது. மாமியார் வாசலில் கோணிப்பை போட்டிருக்கிறார்.

ஏழரைக்குப் போட்டோ வந்தது. பாலம், பைக்குகள், மூலையில் தேதி, நேரம். ஜன்னலைத் திறந்தால் எனக்கே தெரிகிற மழையை அங்கிருந்து அனுப்பியிருக்கிறார்.

இந்தத் தடவை பொம்மை போடவில்லை. எழுதினேன்: “இங்கயும் மழைதாங்க. நான் கேக்கவே இல்லையே. போட்டோ எதுக்கு? மெதுவா வாங்க, போதும்.”

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது.

“நீ கேக்க வேணாம்னுதான். லைவ் லொகேஷன் போட்டுகீறேன், பாத்துக்கோ. கெளம்பிட்டேன்.”

கோபமாக எழுதவில்லை. சாப்பாடு எடுத்து வை என்று எழுதுகிற மாதிரிதான் இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்தேன். திறக்கக் கூடாது என்று நினைத்தேன். ரசத்தைச் சூடு பண்ணினேன். துண்டை எடுத்து நாற்காலியில் போட்டேன்.

பிறகு திறந்துவிட்டேன்.

நீலப் புள்ளி சைதாப்பேட்டையைத் தாண்டி வந்தது. இப்போது நந்தனத்தில் நிற்கிறது. சிக்னலாக இருக்கும். இவ்வளவு நேரமா சிக்னல்?